எண்ணெயில் ஊறாத புஷ்

1948ஆம் வருடம் மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் தொடங்கி, புதுக்கோட்டை மச்சுவாடியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த அடைக்கலமும், அவன் பழுது பார்த்த சிவப்புக் காரும் சமஸ்தானத்தின் எல்லையைத் தாண்ட முடியாதவர்கள் ஆனார்கள். சமஸ்தானம் என்ற ஒன்று அதற்கு ஒன்பது மாதம் முன்பே இல்லாமல் போயிருந்தது. மாசி மாதத்தில் அதை இந்தியாவோடு சேர்த்து, திருச்சி ஜில்லாவின் ஓரத்தில் ஒட்டுத்துணி மாதிரி வைத்துத் தைத்துவிட்டார்கள். சாவடிக் கட்டைகளைக் கழற்றி விறகுக்குப் போட்டார்கள். எல்லைக் கற்களில் பெண்கள் துணி துவைத்தார்கள். ஆடு மாடு அங்கிட்டும் இங்கிட்டும் போய் வந்தது, அறந்தாங்கிச் சந்தைக்குக் கடலை மூட்டை போனது, கல்யாண ஊர்வலங்கள் போயின. இந்த இருவர் மட்டும் போகவில்லை. காரையும் ஓர் ஆளாகக் கணக்கில் வைத்து இருவர் என்று சொல்வது மச்சுவாடி வழக்கம். இங்கேயும் அப்படியே எழுதப்படுகிறது.

கார் மேலூரணி ஜாகீர்தார் வீட்டு இளையவர் ரெங்கராஜுடையது. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மூட்டை கட்டியபோது அதை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மூக்கு நீளம், சக்கரத்துக்குக் கம்பி, உட்கார்ந்தால் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது போலத் தாழ்ந்திருக்கும். அந்தக் கார் 48 ஐப்பசியில் கத்த ஆரம்பித்தது. கிளட்சை மிதித்தால் போதும், பன்றிக் குட்டியைப் பிடித்துத் தூக்கியது போல ஒரு கீச்சல். கியர் போட்டால் பல்லோடு பல் அரைபடும். மதராஸிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் மூன்று நாள் விருந்து சாப்பிட்டு, வண்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகுதான் ரெங்கராஜ் அடைக்கலத்திடம் ஆள் அனுப்பினார்.

அடைக்கலம் யுத்தத்தின்போது இம்பாலில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவன். அதிகம் பேச மாட்டான், ஆனால் இரும்பு பேசினால் காது கொடுத்துக் கேட்பான். கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தவுடன் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்ஜினின் நடுத்தண்டான கிராங்க் ஷாப்டின் பின்முனையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குள், செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டலில் ஒரு வளையம். கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டின் மூக்கு அந்த வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிளட்சை மிதித்தால் என்ஜின் தன்பாட்டுக்குச் சுற்ற வேண்டும், தண்டு தன்பாட்டுக்கு நிற்க வேண்டும். இரண்டையும் சண்டை சச்சரவில்லாமல் பிரித்து வைப்பது அந்த வளையத்தின் வேலை. பைலட் புஷ் என்று அதற்குப் பெயர். கையில் வைத்தால் கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். அது தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. மாற்றப் புதுசு வேண்டும். மதராஸுக்கு எழுதிக் கேட்டதற்கு, சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், பங்குனி ஆகலாம் என்று பதில் வந்தது.

பங்குனி வரைக்கும் பொறுக்க ரெங்கராஜே தயாராகத்தான் இருந்தார். பொறுக்க முடியாதவன் அடைக்கலம். அவன் பெண்டாட்டி செவந்தி தலைப்பிரசவத்துக்காகக் கட்டுமாவடியில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். புரட்டாசி பிறந்த இரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் மாதம் புருஷன் போய், மாமனார் வீட்டுப் படியேறிக் கூப்பிட்டுத் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர வேண்டும். மூன்றாம் மாதம் கார்த்திகைக் கடைசியோடு முடிகிறது. மறுநாள் மார்கழி. மார்கழியில் பச்சைப் பிள்ளையை வீடு மாற்ற மாட்டார்கள், அப்புறம் தை பிறந்துதான் ஆக வேண்டும். வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்தால் ஒருநாள் முழுக்க எடுத்துக்கொண்டு போய் உன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வா என்று ரெங்கராஜ் வாயெடுத்துச் சொல்லியிருந்தார். கார்த்திகைக் கடைசி நாள் சிவப்புக் காரில் வருகிறேன் என்று அடைக்கலம் கட்டுமாவடிக்குக் கார்டு போட்டுவிட்டான். அந்தக் கார்டை மைத்துனன் நாகராசு தெருவில் நின்று சத்தமாகப் படித்தான். பிள்ளையின் முகத்தை அடைக்கலம் இன்னும் பார்த்ததில்லை.

வீட்டில் ஒரு கலயம் நிறைய அம்மன் காசு இருந்தது. அம்மன் காசு மொச்சைக் கொட்டை அளவுச் செப்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். நவராத்திரிக்கு அரிசியோடு அந்தக் காசையும் ஜனங்களுக்குக் கொடுப்பது சமஸ்தானத்தில் காலங்காலமாக இருந்த வழக்கம். செவந்தி வரிசையில் நின்று வாங்கி வாங்கிக் கலயத்தில் போட்டு வைத்திருந்தாள். இணைப்புக்குப் பிறகு அதை எந்தக் கடையிலும் வாங்கவில்லை, குழந்தைகள் பல்லாங்குழி ஆடினார்கள். அடைக்கலம் கலயத்தைக் கவிழ்த்தான். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து, உலையில் உருக்கி, மணல் அச்சில் வார்த்து, லேத்தில் கடைந்தான். அம்மன் முகம் ஒவ்வொன்றாகக் கரைந்தபோது அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான் என்பது உண்மை. அவ்வளவுதான் செய்தான். கடையும்போது தெறித்த பிசிறு ஒன்று வலது கட்டைவிரலில் ஏறியது. வாயில் வைத்துச் சப்பித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தான்.

பழைய புஷ்ஷை எடுக்க ஒரு வித்தை உண்டு. அது குழிக்குள் இறுகிக் கிடக்கும், பிடித்து இழுக்க வழியிருக்காது. குழி நிறையக் கிரீஸை அடைத்து, சரியான கனத்தில் ஒரு கம்பியை நுழைத்து ஓங்கி அடித்தால், போக இடமில்லாத கிரீஸ் பின்னால் போய் நின்று புஷ்ஷைத் தள்ளிக்கொண்டு வரும். ஆறாவது அடியில் பழசு வந்துவிட்டது. புதுசைக் கையில் எடுத்துப் பார்த்தான், மணி மாதிரி இருந்தது. இனி ஒரே வேலைதான் பாக்கி. மணல் அச்சில் வார்த்த கன்மெட்டலில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் இருக்கும். அதை ஒரு முழுநாள் எண்ணெயில் ஊறப் போட வேண்டும். மாட்டும் முன்னால் குடித்த எண்ணெயை வைத்துத்தான் புஷ் தன் ஆயுசைக் கழிக்கிறது, மாட்டிய பிறகு ஒரு சொட்டு ஊட்டவும் வழி கிடையாது. இம்பாலில் புஷ்ஷை ஊறப் போடாமல் மாட்டிய ஒருத்தனை வெயிலில் நிற்க வைத்ததை அடைக்கலம் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். அன்றைக்குக் கார்த்திகை கடைசி நாள், காலை மணி ஒன்பது. ஊறப் போட்டால் மார்கழி. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை. விரலில் எண்ணெயைத் தொட்டு உள்ளும் புறமும் தடவி, மரக்கட்டையை வைத்து நாலு தட்டுத் தட்டி இறக்கினான். புஷ் அல்வாவில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. கியர் பாக்ஸை ஏற்றி, என்ஜினைக் கிளப்பி, கிளட்சை மிதித்தான். சத்தமே இல்லை.

வல்லத்திராக்கோட்டை வரைக்கும் கார் பறந்தது. அடைக்கலம் புது வேட்டி கட்டியிருந்தான், பக்கத்து இருக்கையில் மல்லிகைப் பூவும் பிள்ளைக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் இருந்தன. பதினாறாவது மைல் தாண்டி, பழைய எல்லைக் கல் நிற்கும் இடத்துக்கு வந்ததும் கார் முன்னேறவில்லை. என்ஜின் ஓடியது, சக்கரம் சுற்றியது, சாலை மட்டும் நகரவில்லை. கல்லுக்கு நேராக முன் பம்பர் நின்றது, ஒரு விரற்கடை கூட அப்புறம் போகவில்லை. பின்னுக்கு எடுத்து வேகமாக வந்து பார்த்தான். அதே இடம். வயலில் வேலை செய்த ஆட்கள் வந்து தள்ளினார்கள். ஒரு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்தார்கள், வடம் அறுந்தது, மாடு மட்டும் அறந்தாங்கிப் பக்கம் போய் விழுந்தது. சரி, கார் கிடக்கட்டும், நடந்து போய் பஸ் பிடிக்கலாம் என்று பூவையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான். நடந்தான், நடந்தான், எல்லைக் கல் அவன் வலது முழங்காலுக்கு நேராகவே இருந்தது. தேய்ந்தது செருப்பு ஒன்றுதான். மத்தியானம் வந்த அறந்தாங்கி பஸ்ஸை நிறுத்தி, கட்டுமாவடிக்கு ஒரு டிக்கெட் வாங்கி ஏறி உட்கார்ந்தான். பஸ் போனது. அடைக்கலம் டிக்கெட்டும் கையுமாக ரோட்டில் உட்கார்ந்திருந்தான். பின் சீட்டில் இருந்தவர்கள், தங்கள் வழியாக ஒரு வெதுவெதுப்புக் கடந்து போனது போல இருந்தது என்று மட்டும் பிற்பாடு சொன்னார்கள்.

கட்டுமாவடியில் செவந்தி அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும் வாசலில் நின்றாள். தலை வாரிப் பூ வைத்து, பிள்ளைக்கு மை இட்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கார் பார்க்க வந்து நின்றார்கள். காரும் வரவில்லை, தூசியும் வரவில்லை. செவந்தியின் அப்பன் வெள்ளைச்சாமி நாலு மா தென்னந்தோப்பு வைத்திருந்தவர், ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்து படியேறிக் கூப்பிட்டால் அனுப்புவேன், இல்லாவிட்டால் என் மகளும் பேத்தியும் என் வீட்டுச் சோற்றைத் தின்பார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடைக்கலத்தின் கடிதம் நாலாம் நாள் வந்தது. நடந்தது நடந்தபடி எழுதியிருந்தான். எண்ணெயில் ஊறப் போடாத விஷயத்தை மட்டும் எழுதவில்லை. வேலைக்காரன் தன் கைப்பிழையைப் பெண்டாட்டிக்கு எழுத வெட்கப்பட்டான். பிள்ளைக்குப் பிரகதாம்பாள் என்று பெயர் வைக்கும்படி அடியில் எழுதியிருந்தான். அதற்குள் அங்கே பாட்டி பெயரைச் சொல்லிச் சின்னப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

தையில் நாகராசு நேரில் வந்தான். பட்டறை வாசலிலேயே நின்றான், தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. எல்லை வரைக்கும் வந்து உன் கண்ணாலேயே பார் என்று அடைக்கலம் கெஞ்சினான்.

“சமஸ்தானமே போச்சு மச்சான். எல்லை மட்டும் எங்கிட்டுருந்து வந்துச்சு?” என்று நாகராசு கேட்டான். “வர மனசில்லைன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறோம். கதை சொல்லாதீங்க.”

நியாயமான கேள்விதான். கலெக்டர் ஆபீஸிலும் அதற்குப் பதில் இருந்திருக்காது. நாகராசு திரும்பிப் போய், வேறு ஒரு பெண் விவகாரம் இருக்கலாம் என்று சொன்னான். மனிதர்கள் நம்பக்கூடியதாக அது ஒன்றுதான் இருந்தது, ஆகவே எல்லாரும் அதை நம்பினார்கள்.

அடைக்கலம் திருச்சி ரோட்டில் மாத்தூருக்கு அப்பால் போய்ப் பார்த்தான், விராலிமலைப் பக்கம் பார்த்தான், காரைக்குடி ரோட்டில் பார்த்தான். பழைய சமஸ்தானம் எங்கே முடிந்ததோ அங்கே அவனும் முடிந்தான். காரணம் என்ன என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அம்மன் முகத்தை உருக்கினால் அவள் தன் மண்ணை விட்டு எப்படிப் போவாள், கார் வயிற்றுக்குள் அவள்தானே இருக்கிறாள், விரலுக்குள்ளும் அவள்தானே என்றது ஒரு கட்சி. அடைக்கலம் மற்றக் கட்சி, அதில் அவன் ஒருவன்தான் இருந்தான். புஷ்ஷைக் காயக் காய மாட்டினேன், அது பிடித்துக்கொண்டது, பிரித்து வைக்க வேண்டிய சாமான் பிடித்துக்கொண்டால் எதுவும் எதையும் விட்டுப் போகாது என்பது அவன் முடிவு. தன்மேல் பழி விழுகிற காரணத்தைத்தான் அவன் மனசு ஒப்புக்கொண்டது. பிரகதாம்பாள் கோயில் கொண்ட திருக்கோகர்ணத்துக்குப் போய் வெல்லம் வைத்து வேண்டிப் பார்த்தான். காணாமல் போன பொருளை அந்த அம்மன் மீட்டுக் கொடுப்பாள் என்பது பிரசித்தம். ஆனால் காணாமல் போனதாக எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பெண்டாட்டி பிள்ளை இருக்கும் இடம் தெரியும். அங்கே போக பஸ் சார்ஜும் தெரியும்.

பங்குனியில் மதராஸ் புஷ் பார்சலில் வந்து சேர்ந்தது. மெழுகுக் காகிதத்தில் சுற்றி, குண்டுமணி மாதிரிப் பளபளவென்று. அதை வந்த அன்றே ஒரு தகர டப்பாவில் எண்ணெய் ஊற்றி ஊறப் போட்டுவிட்டு, தான் வார்த்ததை எடுக்க உட்கார்ந்தான். குழி நிறையக் கிரீஸ் அடைத்துக் கம்பியை நுழைத்து அடித்தான். கிரீஸ் உள்ளே போனது. புஷ் வரவில்லை. மறுபடி அடைத்தான், மறுபடி போனது. சுண்டுவிரல் கனத் துளைக்குள் அந்த வருடம் மட்டும் பதினாலு வீசை கிரீஸ் போயிற்று, திரும்பி ஒரு துளி வெளியே வரவில்லை. கிரீஸுக்குப் பதிலாக ஊறிய காகிதத்தை அடைத்தான், ஈர ரொட்டியை அடைத்தான், உளி வைத்தான், உளி முனை மழுங்கியது. 1953 ஆடியில் ஒருநாள், பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலது கட்டைவிரலை லேத்தின் மேல் வைத்து, பிசிறு ஏறிய நுனியை முதல் கணு வரைக்கும் உளியால் எடுத்தான். ஆஸ்பத்திரியில் கை தவறிவிட்டது என்றான். புண் ஆறிய வாரமே பதினாறாவது மைலுக்குப் போய் நடந்து பார்த்தான். செருப்பு தேய்ந்தது. அன்றைக்குத்தான் அவன் எல்லைக் கல்லின்மேல் உட்கார்ந்து அழுதான் என்று வயலில் நின்றவர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அழுததாக யாரும் சொல்லவில்லை.

1955ஆம் வருடப் புயலில் அந்தக் கல் வெள்ளத்தோடு போய்விட்டது. இரண்டு கிராமங்களுக்குள் கண்மாய்ப் பாசனத் தகராறு வந்து, எல்லை எது என்று தெரியாமல் சர்வே அதிகாரி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திணறினார். யாரோ அடைக்கலத்தைக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அதிகாரி காரை ஓட்டச் சொன்னார், அது நின்ற இடத்தில் ஒரு முளை அடித்தார். அடைக்கலத்தை நடக்கச் சொன்னார், அவன் நின்ற இடத்தில் ஒரு முளை. இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்து, வரைபடத்தில் ஏழு அடி பிசகு இருக்கிறது என்று கண்டு திருத்தினார்கள். புதுக் கல் நட்டார்கள். அதிகாரி நேர்மையான மனிதர், மேற்படி அடைக்கலம் என்பவரால் மேற்படி எல்லையைக் கடக்க இயலவில்லை என்பதை நேரில் கண்டேன் என்று முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தார். அடைக்கலம் அதை ரிஜிஸ்தர் தபாலில் கட்டுமாவடிக்கு அனுப்பினான். வெள்ளைச்சாமி கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, சர்க்கார் கடுதாசி எதற்கு வேண்டுமானாலும் கிடைக்கும் என்று சொல்லி மடித்து உத்தரத்தில் செருகினார். இத்தனைக்கும் கட்டுமாவடியிலிருந்து ஒரு நடை வந்து பார்க்க யாராலும் முடிந்திருக்கும். வந்து பார்த்தால் இறங்கி வந்ததாக ஆகும். இறங்கி வருவது பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அழகில்லை.

ரெங்கராஜ் இதற்கிடையில் மதராஸுக்கே குடி போய்விட்டார். ரயில் அவரை ஒரு தடையும் இல்லாமல் ஏற்றிப் போனது. நீயே வைத்துக்கொள், நான் போகிற ஊருக்கு அது வராது என்று சாவியைக் கொடுத்தார். அடைக்கலம் அந்தக் காரில் சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போய்க் காட்டிப் பிழைத்தான். வண்டி பழுதே ஆகவில்லை. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. இப்படி ஒரு வண்டியை நாங்கள் பார்த்ததில்லை என்று பாராட்டி, திருச்சி வரைக்கும் கொண்டு வந்து விடுகிறாயா என்று கேட்பார்கள். அவன் எல்லை வரைக்கும் கொண்டு போய் இறக்கிவிட்டு, பஸ் வரும் என்று கையைக் காட்டுவான்.

1962இல் வெள்ளைச்சாமி படுத்த படுக்கையானார். போகும் முன்னால் மகளைக் கூப்பிட்டு, அவன் படியேறிக் கூப்பிடாமல் போக மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு மூன்று வருடம் கழித்து, 1965 சித்திரையில், செவந்தி ஆள் வைத்து எழுதிய கார்டு ஒன்று அடைக்கலத்துக்கு வந்தது. பெண்ணுக்கு மீமிசலில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், வைகாசியில் முகூர்த்தம், வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நான் கல்லுக்கு வருகிறேன், அவ்வளவுதான் எழுத்து. அடைக்கலம் அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே போய்விட்டான். காரைக் கல்லுக்குப் பத்தடி தள்ளி நிழலில் நிறுத்தினான்.

செவந்தி ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்கினாள். காது ஓரத்தில் நரை. கையில் வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளம். போன இடத்தில் பார்த்த ஆளை மறுபடி பார்ப்பது போலப் பதினாறு வருடத்துக்குப் பிறகு புருஷனைப் பார்த்தாள். கல்லுக்கு அங்கிட்டே நின்றுகொண்டாள். சௌக்கியமா என்று இவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

“நடங்க பாப்போம்” என்றாள்.

அடைக்கலம் அவளைப் பார்த்து நடந்தான். கால் மாறி மாறிப் போனது, கை வீசியது, நெற்றியில் வேர்த்தது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த நாலு முழம் நாலு முழமாகவே இருந்தது. செவந்தி அவன் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் நடந்திருப்பான்.

“போதும், நில்லுங்க” என்றாள். பிறகு, “நெசந்தான் எழுதியிருக்கீங்க” என்றாள்.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதினாறு வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் கட்டைவிரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள், சொன்னான். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“இங்கிட்டு வாயேன் செவந்தி” என்றான் அடைக்கலம். “ஒரு எட்டுத்தான்.”

அவள் அந்த ஒரு எட்டைக் குனிந்து பார்த்தாள். அங்கே கோடு எதுவும் இல்லை, செம்மண்ணும் நாலு தும்பைச் செடியும்தான். “அப்பா கையில அடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாருங்க. நீங்க வந்து படியேறிக் கூப்பிடாம வர மாட்டேன்னு. உசுரோட இருந்தா சண்டை போட்டாச்சும் திருப்பி வாங்கலாம். செத்தவுக கிட்டப் போயி யாரு கேக்குறது?”

இல்லாத சமஸ்தானத்துக் குடிமகனுக்கு அது புரிந்தது. அவளே, முதல் முதலில் என்னதான் பிசகிப் போயிற்று என்று கேட்டாள். கடிதத்தில் எழுதாமல் விட்டதை அப்போது சொன்னான். வார்த்ததைச் சொன்னான், கடைந்ததைச் சொன்னான், ஒரு முழுநாள் எண்ணெயில் கிடக்க வேண்டியதை விரலால் தடவி மாட்டியதைச் சொன்னான். ஊற வைத்திருந்தால் மார்கழி பிறந்திருக்கும், தை வரைக்கும் உன்னையும் பிள்ளையையும் கூட்டி வர முடியாது, அதுதான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னான்.

செவந்தி அதை மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள்.

“தை பொறந்து வந்திருந்தா நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்?” என்றாள். “ஒரு மாசந்தானங்க.”

தாம்பாளத்தைக் கல்லின்மேல் வைத்து நகர்த்தினாள். வேற்று மனிதர்களுக்கு வைப்பது போல வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. எழுதப் படிக்கத் தெரியாதவள் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். சின்னப்பிள்ளை என்கிற பிரகதாம்பாள் என்று அச்சடித்திருந்தது. அந்தப் பெயரைச் சேர்க்கச் சொல்லி நாகராசுவோடு சண்டை போட்டது அவள்தான் என்பதை அவள் சொல்லவில்லை. மகள் வர மறுத்துவிட்டாள், கோபக்காரி என்பதை மட்டும் சொன்னாள். பதினொன்றரை பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

வைகாசியில் முகூர்த்தத்தன்று அடைக்கலம் புது வேட்டி கட்டிக்கொண்டு காரில் வந்து, கல்லுக்கு நேராகக் கிழக்கே பார்த்து நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். தகப்பன் வார்க்க வேண்டிய தாரையைத் தாய்மாமன் நாகராசு வார்த்தான். நல்ல நேரம் முடிந்ததும் அடைக்கலம் வண்டியைத் திருப்பிக்கொண்டு மச்சுவாடிக்குப் போய், சித்தன்னவாசலுக்குப் போகக் காத்திருந்த ஒருவரை ஏற்றிக்கொண்டான்.

அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கார்த்திகைக் கடைசி நாளும் செவந்தி ஒன்பதரை பஸ்ஸில் கல்லுக்கு வருகிறாள். அவள் அங்கிட்டு உட்காருவாள், அவன் இங்கிட்டு உட்காருவான். அவள் கருவாடு கொண்டு வருவாள், அவன் முறுக்கு வாங்கி வருவான். சம்பா விளைச்சல், மகளுக்குப் பிறந்த பிள்ளை, யார் செத்தார் என்று பேச்சுப் போகும். பஸ்காரர்கள் அந்த இடத்துக்குப் புருசன் பொஞ்சாதிக் கல் என்று பெயர் வைத்து ஸ்டாப்பிங் ஆக்கிவிட்டார்கள். மதராஸ் புஷ் இன்னமும் அதே தகர டப்பாவில் கிடக்கிறது. அடைக்கலம் வருடம் ஒருமுறை எண்ணெயை மாற்றி ஊற்றுகிறான், அந்த வாரமே கிரீஸ் வைத்துப் பழையதை அடித்துப் பார்க்கிறான். கிரீஸ் உள்ளே போகிறது. பதினொன்றரை பஸ்ஸின் ஹாரன் வளைவில் கேட்டதும் செவந்தி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்பாள்.

“ஊறிருச்சா?”

“இன்னும் ஒரு நா ஊறட்டும்” என்பான் அடைக்கலம்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கை காட்டுவாள்.